தொழுவத்தில் விழுந்த மூலை

தங்கள் நிலத்தை அளக்க அரசாங்கத்துக்குக் கட்டவேண்டியதைச் சங்கவி கட்டிவிட்டாள். "அது சர்க்காருக்கும்மா. கார், பிரியாணி, என்கூட வர்றவன் கைச்செலவு, அதெல்லாம் யாரு பாப்பா?" என்று சர்வேயர் கேட்டார். "பஸ்ல வாங்க சார். நானும் அதுலதான் வந்தேன்" என்றாள். அந்த ஒரு பதிலுக்காக அவர் ஒரு வருஷம் வரவில்லை. கலெக்டரிடம் அவள் மனுமேல் மனு கொடுத்த பிறகு பஸ்ஸில்தான் வந்து இறங்கினார்.

அளவுச் சங்கிலியை இழுத்துக்கொண்டே போனவர், பக்கத்து நிலத்துக்காரர் நல்லதம்பியின் மாட்டுத்தொழுவத்துக்குள் நுழைந்து, காளையின் காலடியில் சுண்ணாம்பைக் கொட்டினார். "இதான் உங்க மூலை."

நல்லதம்பி, வெளியே நின்ற சங்கவியின் அப்பாவைப் பார்த்தார். "பொட்டப்புள்ளயப் படிக்க வச்சது இதுக்குத்தானாடா மாயவா?"

"ஆமாங்க" என்றார் அப்பா. அந்த ஆள்முன் அவர் அத்தனை சத்தமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

சங்கவி காளையை அவிழ்த்து, கயிற்றை நல்லதம்பியின் கையில் கொடுத்தாள். கடப்பாரையை எடுத்துக் குழி பறிக்கத் தொடங்கினாள். "அப்பா, கல்லத் தூக்கிட்டு வாங்க."

எல்லைக்கல்லைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தவர், அந்த வீட்டு எல்லையில் என்றும் செய்வதுபோல, செருப்பைக் கழற்றக் காலைத் தூக்கினார்.

"போட்டுக்கிட்டே வாங்கப்பா. நம்ம எடந்தான்."

அவ்வளவு கனத்தோடு ஒற்றைக் காலில் நின்றார். ஊரே பார்த்தது. தூக்கிய காலைச் செருப்போடு உள்ளே வைத்து, குழியை எட்டிப் பார்த்தார்.

"இன்னும் ஒரு முழம் ஆழமாத் தோண்டு பாப்பா."