பக்கத் தையல் இல்லாத குடும்பம்

"கையைத் தூக்குங்க தம்பி" என்றார் பெண்ணின் அப்பா, அளவு நாடாவை உதறிக்கொண்டே.

பெண் கேட்டுப் போனால் சம்பளம் கேட்பார்கள், குடும்பத்தை விசாரிப்பார்கள். இவர் நெஞ்சளவு பார்ப்பார் என்று காதலனுக்குத் தகவல் வந்திருந்தது. முப்பத்தெட்டு இன்ச் என்றால் பெண் உறுதி. காதலன் நாற்பது. எனவே நாடாவைக் கண்டதும் இருந்த மூச்சையெல்லாம் வெளியே விட்டுவிட்டு, நெஞ்சை ஒடுக்கிக்கொண்டு நின்றான்.

அப்பா கண்ணாடியை எடுத்தார். ஊதினார். துடைத்தார். மறுபடி ஊதினார்.

"அடுத்த ரூம்ல சத்தம் கேக்குதா? எங்க தாத்தா வாங்கின வட்டப் பின்னல் மெஷின். மணிக்கு ஒரு மீட்டர்தான் பின்னும். நூலை இழுக்காது, பிடுங்காது. அந்தக் காலத்து டீ-ஷர்ட் மெத்துன்னு இருந்தது அதனாலதான். எதுக்குத் தம்பி அவசரம்?"

"ம்" என்றான் காதலன். முகம் சிவந்துகொண்டிருந்தது.

"துணி குழாய் மாதிரி வரும். கையும் கழுத்தும் வச்சுத் தைச்சா போதும். பக்கவாட்டுல தையலே கிடையாது. பக்கத் தையல் போட்டதுக்கு நான் வச்சிருக்கிற பேர் தெரியுமா?"

"ம்ம்."

"தலையணை உறை."

காதலனுக்குச் சிரிக்கக் காற்று இல்லை.

"வெட்கப்படுறீங்களே!" என்று மகிழ்ந்த அப்பா, ஒருவழியாக நாடாவைச் சுற்றினார். "முப்பத்தெட்டு."

காதலன் மனசுக்குள் துள்ளிக் குதித்தான்.

"ச்சே! நல்ல பையன். ரெண்டு இன்ச்ல கோட்டை விட்டுட்டீங்களே."

காதலனுக்கு மூச்சு புயல் மாதிரி திரும்பி வந்தது. "என்ன சார் சொல்றீங்க?"

"ஒரு மெஷினுக்கு ஒரே சுற்றளவுதான். எங்க மெஷின் நாற்பது. என் தம்பி, மச்சான், மூத்த மாப்பிள்ளை எல்லாரும் நாற்பது. உங்களுக்குத் தொளதொளன்னு தொங்கும். வீட்டு மாப்பிள்ளை கடையில வாங்கிப் போட்டா எனக்கு என்ன மரியாதை?"

"சார், நான் நாற்பதேதான்! மூச்சை அடக்கிட்டு நின்னேன்! நேத்து உங்க பொண்ணுதான் என்னை அளந்து பார்த்துட்டு, 'அப்பாவுக்கு முப்பத்தெட்டுதான் வேணும், ரெண்டு இன்ச் குறைச்சுக்க'ன்னு சொன்னா. பாவம், அவளுக்குச் சரியாத் தெரியலை போல!"

அப்பா அவனை உட்காரவைத்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"தம்பி, அந்த மெஷினை ஓட்டுறதே அவதான்."