எஞ்சின் தின்ற காது

பீப் சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சின்ன அறை, முன்னால் தடித்த கண்ணாடி. கதவைச் சாத்தியதும் வெளியே ஸ்காபரோ நகரத்தின் சத்தம் முழுக்க இல்லாமல் போய்விட்டது. தலையில் ஹெட்போன், கையில் பொத்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காது பரிசோதிக்கிற பிள்ளை, பெயர் சாம்பவி. அவளுக்குப் பக்கத்தில் என் மகள் நிலாணி, வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறாள்.

நான் அழுத்தவில்லை.

சாம்பவி மெஷினில் எதையோ கூட்டினாள். நிலாணி மெல்லத் தலையை ஆட்டினாள், தெரிந்த விஷயம்தானே என்பது போல.

தெரிந்த விஷயம்தான். தொண்ணூற்றொன்றில் நானும் என் கூட்டாளி விநாயகமூர்த்தியும் பங்குக்கு ஒரு பழைய ட்ரக் வாங்கினோம். உள்ளே இருந்தது டூ-ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின், எட்டு சிலிண்டர். மற்ற எஞ்சின்கள் உறுமும். இது கத்தும். கத்தலைக் குறைத்தால் இழுக்காது. ரொறன்ரோவில் இருந்து தண்டர் பே வரைக்கும் கத்தவிட்டே ஓட்ட வேண்டும்.

ஏறுவதற்கு முதல் கதவிடுக்கில் விரலை வைத்து நசுக்கு, அந்தக் கோபம் இருந்தால்தான் இதை ஓட்டலாம் என்று பழைய வெள்ளைக்கார ட்ரைவர்மார் சொல்லித் தந்தார்கள். கீழே ஒயில் ஒழுகினால் பயமில்லை. ஒழுகாவிட்டால் ஒயில் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒருமுறை ஏற்றத்தில் நின்று பின்னுக்கு உருண்டபோது எஞ்சின் மறுவளமாகச் சுற்றத் தொடங்கியது. முன் கியரைப் போட்டால் ட்ரக் பின்னுக்குப் போகிறது. விநாயகமூர்த்தி பிள்ளையாரைக் கூப்பிட்டான். வாய் அசைந்தது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

அவனுக்கு இப்போது இரண்டு காதிலும் கேட்கிற மெஷின். மூன்று மாதத்துக்கு முன், என் மனைவி பாலேஸ்வரியின் செத்தவீட்டில், அவன்தான் நிலாணியின் கையைப் பிடித்துக்கொண்டு ஹோல் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினான்.

"கொப்பரிலை பிழையில்லை பிள்ளை. அந்தச் சனியன் எஞ்சின் எங்கட காதைத் திண்டிட்டுது."

அப்பாவில் பிழையில்லை என்றதை நிலாணி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அம்மா பேஸ்மென்ட்டில், உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தாள். மேலே இருந்த அப்பாவுக்குக் கேட்கவில்லை. ஒருவரிலும் பிழையில்லை. அதை நம்பித்தான் அவள் நித்திரை கொள்கிறாள். தனியே இருக்கிற அப்பாவுக்கு நெருப்பு அலாரமாவது கேட்க வேண்டும் என்று இன்றைக்கு என்னை இங்கே கூட்டி வந்திருக்கிறாள்.

இடது காதில் அடுத்த பீப் வந்தது. நுளம்பு காதருகே பறக்கிற மாதிரி மெல்லியது.

அழுத்தவில்லை.

எனக்குக் காது கேட்கும். நன்றாகவே கேட்கும்.

ஒவ்வொரு ட்ரிப்புக்கும் பாலேஸ்வரி பஞ்சை உருட்டி, வாஸ்லீன் பூசி, பழைய ஃபிலிம் டப்பாவில் போட்டுத் தருவாள். விநாயகமூர்த்தி நக்கலடித்தான். நான் காதை அடைத்துக்கொண்டு ஓட்டினேன். அவனுடைய காது போனது, என்னுடையது தப்பியது.

அவனுடைய செவிட்டை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டேன். குப்பை கொட்டச் சொல்லுவாள், ஸ்னோ வழிக்கச் சொல்லுவாள். இரண்டு தரம் "என்ன?" என்று கேட்டால் பாதி வேலையை அவளே செய்துவிடுவாள். செவிடன் காதில் ஊதின சங்கு என்று ஏசுவாள். பிறகு குசினிக்குள் நின்று, குரலைத் தாழ்த்தி, "றால் பொரிச்சிருக்கு" என்பாள். நான் போய் நிற்பேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ஒருநாளும் பிள்ளைக்கு என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அவள் விழுந்த அன்றைக்கு விநாயகமூர்த்தி ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். எங்களுடையதைப் போல ஒரு எஞ்சினை யாரோ திருத்தி ஸ்டார்ட் பண்ணுகிறான். பதினொரு நிமிடம். அதே கத்தல்.

கீழே இருந்து மூன்று தரம் அவள் கூப்பிட்டது கேட்டது. இஞ்சருங்கோ. இஞ்சருங்கோ. மூன்றாவது கொஞ்சம் மெதுவாக.

உடுப்புக் கூடையைத் தூக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். வீடியோவை முடியும்வரை பார்த்தேன். பிறகு இன்னொரு தரம் பார்த்தேன்.

கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தால் என்று தொடங்கிய டொக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். செத்தவீட்டில் எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை. சாப்பிடுகிறேன், மருந்து போடுகிறேன், கூப்பிட்ட இடத்துக்குப் போகிறேன்.

பீப். பீப். விரல் அப்படியே இருக்கிறது. நிலாணிக்காகத்தான் என்று சொல்லிக்கொள்கிறேன். எனக்காகவும்தான்.

சாம்பவி பேனையைக் கீழே வைத்தாள். மெஷினில் எதையோ குறைத்துவிட்டு மைக்குக்குக் கிட்டக் குனிந்தாள். ஹெட்போனுக்குள் அவளுடைய குரல் வந்தது. குசினிக்குள் இருந்து வருகிற மாதிரி, அவ்வளவு தாழ்வாக.

"முடிஞ்சுது அங்கிள். கழட்டுங்கோ."

நான் ஹெட்போனைக் கழற்றினேன்.

கழற்றி மடியில் வைத்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். சாம்பவி தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிலாணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய வாய் அசைந்தது. இந்த முறை எனக்கு உண்மையாகவே கேட்கவில்லை.