ஏரியின் வலது மூலை

திரையில் யோர்தான் நதி பிளந்தபோது, கூரையிலிருந்து பூந்தூறலாகத் தண்ணீர் விழுந்தது.

முன்வரிசையில் இருந்த போதகர் திரும்பிப் பார்த்தார். "முகத்துல ஊசி குத்துற மாதிரி சாரல்னு சொன்னீங்களே, யோர்தான் சார். அப்படியே இருக்கு."

யோர்தான் வாத்தியார் இருட்டில் தலையை ஆட்டிவைத்தார். சட்டைக்குள் வேர்த்து ஊற்றியது.

அப்படியேதான் இருக்கும். அவர் சொன்னதே இந்தச் சாரலைத்தான்.

பதினொரு வருடத்துக்கு முன், சபையே திரண்டு மாலை போட்டு, ஜெபம் பண்ணி, அவரைப் புனிதப் பயணத்துக்கு வழியனுப்பியது. விமான நிலையக் கவுன்ட்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். காலாவதியாக ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும், உங்களுக்கு ஐந்து மாதம் இருபத்தாறு நாள்தான் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்தவர். நாலு நாளைக் கோட்டைவிட்டேன் என்று எந்த முகத்தோடு ஊருக்குப் போய்ச் சொல்வது?

இந்த நகரத்திலேயே ஒரு லாட்ஜில் எட்டு நாள் முடங்கிக் கிடந்தார். லாட்ஜுக்கு எதிரே இருந்தது இந்த மல்டிமீடியா மையம். வேதாகம வரலாறு முழுவதையும் நாற்பது நிமிடத்தில் காட்டினார்கள். எட்டு நாளும் வந்து பார்த்தார். ஊர் திரும்பி, கேட்டவர்களுக்கெல்லாம் கண்டதைச் சொன்னார். ஒரு மாதத்துக்குள் 'யோர்தான் வாத்தியார்' என்று பட்டமே விழுந்துவிட்டது.

இப்போது சபையார் இருபது பேரோடு, மனைவியையும் கூட்டிக்கொண்டு, நிஜமாகவே போகிறார். பாஸ்போர்ட்டை ஏழு தடவை சரிபார்த்தாயிற்று. விமானம் ஏறுமுன் எல்லாரும் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும் என்று போதகர் இந்த மையத்தைச் சேர்த்திருப்பது, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. தலைவலி, பஸ்ஸிலேயே இருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தார். நாலு பக்கமிருந்தும் மாத்திரை நீண்டது.

பாடகர் குழுப் பெண் ஒருத்தி, பின்னணிக் குரல் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வரியைத் தானே முணுமுணுத்தாள். சபையில் அவர் எத்தனையோ தடவை சொன்ன வரி.

அதற்குக்கூடச் சமாதானம் சொல்லிவிடலாம். நதி ஒன்று, மலை ஒன்று. யார் சொன்னாலும் ஒரே மாதிரிதான் வரும். அவர் பயந்தது, வெளியே போகிற வழியில் இருக்கும் அறைக்கு.

அங்கே ஒரு சுவர் முழுக்கக் கலிலேயா ஏரியை வரைந்திருந்தார்கள். அச்சு அசல். அதன் முன் நின்று எடுத்துக்கொண்ட போட்டோதான் அவர் வீட்டு அலமாரியின் மேல், சட்டத்துக்குள் இருக்கிறது. வலது மூலையில், தண்ணீருக்குள், ஒரு பிளக் பாயிண்ட். ஏரியின் நீலத்தையே அதன் மேலும் பூசியிருந்தார்கள். சட்டம் போட்டுக் கொண்டுவந்த பிறகுதான் அது அவர் கண்ணிலேயே பட்டது.

நல்லவேளை, மனைவி அன்றைக்கே அலங்காரமாக ஒரு பூச்சாடியைக் கொண்டுவந்து படத்தின் முன் வைத்தாள். கர்த்தர் கண் திறந்தார் என்று அவரும் விட்டுவிட்டார்.

போன வாரம் மின்விசிறி மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன், அதே சபைப் பையன், பூச்சாடியை நகர்த்திவிட்டான். "ஏரிக்குள்ள சதுரமா என்ன சார் அது?"

தூரத்தில் ஒரு படகு என்றார் வாத்தியார். படகு ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே என்று அவன் கண்ணை இடுக்கியபோது, மனைவி டீயை அவன் கையில் திணித்துவிட்டுப் பூச்சாடியைப் பழைய இடத்தில் வைத்தாள்.

அவன் இப்போது அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருக்கிறான்.

விளக்கு எரிந்தது. கதவு திறந்தது.

ஏரி அப்படியே இருந்தது. பிளக் பாயிண்டும்.

எலெக்ட்ரீஷியன் செல்போனை உயர்த்தினான். "சார், உங்க வீட்டுப் படத்துல நிக்கிற மாதிரியே நில்லுங்க. நாளைக்கு அசல் ஏரியில ஒண்ணு எடுத்து ஒட்டிப் பார்ப்போம்."

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரைப் பார்க்கிற கண் அவனுடையது. இடது ஓரத்தில் தொடங்கி, மலையைத் தாண்டி, மெல்லத் தண்ணீருக்கு இறங்கியது.

அவன் சொல்வதற்குள் நாமே சொல்லிவிடுவோம் என்று வாத்தியார் வாயைத் திறந்தார்.

"கொஞ்சம் வழி விடுங்க, நானும் நிக்கிறேன்" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு மனைவி வந்தாள்.

அவர் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. நாலடி தள்ளி, நேரே வலது மூலைக்குப் போனாள். குனியவில்லை, தேடவில்லை. முந்தானையை விரித்துப் போட்டுக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"என்னக்கா, சண்டையா? சார் பக்கத்துல வாங்க."

"எனக்கு இந்த இடம்தான் சரியா வரும். நீ எடு."

அவள் அந்த அறைக்குள் காலெடுத்து வைப்பது அதுதான் முதல் தடவை.