தாரை வார்க்கும் முன்

ஐயர் செம்பில் தண்ணீர் ஊற்றிய சத்தம் கேட்டதுமே மணியம்மைக்கு முட்டிக்கொண்டு வந்தது.

தண்ணீர்ச் சத்தம்தான் அவளுக்கு எமன். எங்காவது குழாய் திறந்தால் போதும், கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி வழியிலேயே மானம் போய்விடும்.

மகளின் நிச்சயதார்த்தத்தன்று ஜமக்காளத்தில் அப்படித்தான் ஆயிற்று. பார்த்தது மகள் பிரியங்கா ஒருத்திதான். கண் இமைப்பதற்குள் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டு, அம்மாவைக் காப்பாற்றிவிட்டாள். பெற்றால் இப்படி ஒரு பெண்ணைப் பெற வேண்டும்!

"கல்யாணத்துல நீதாம்மா தாரை வாக்கணும். பயப்படாத, நான் பழக்கறேன்" என்றாள்.

மறுவாரமே ஆரம்பித்தாள். டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த முறைதான். பொதட்டூர்பேட்டை வீட்டில் குழாயைத் திறந்துவிடுவாள். மணியம்மை ஓடக் கூடாது. நின்ற இடத்திலேயே நின்று, போகிற மூத்திரத்தை நிறுத்துவது போலக் கீழே இறுக்கி, விட்டு, மறுபடி இறுக்க வேண்டும். மகள் எண்ணுவாள். அவசரம் அடங்கிய பிறகுதான் நடக்க வேண்டும்.

முதல் மாதம் சேலை மாற்றியே அலுத்துப்போனாள். மூன்றாம் மாதம் குழாயோடு மல்லுக்கு நின்று ஜெயித்தாள்.

இப்போதும் அதே மல்லுதான். திருத்தணிக் கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் காதைப் பிளக்க, உதடு அசையாமல் எண்ணினாள். இறுக்கு. விடு. இறுக்கு.

இருபதில் அடங்கியது. ஒரு சொட்டு இல்லை. முருகா, நீ கைவிடவில்லையப்பா!

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

ஐயர் கூப்பிட்டதோ பெண்ணின் சித்தப்பாவையும் சித்தியையும்.

மனுஷன் வாய் தவறிச் சொல்கிறார் என்று நினைத்து, சிரித்தபடியே கணவனைப் பார்த்தாள். தணிகாசலம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். மணவறையில் பிரியங்கா நிமிரவே இல்லை.



கொழுந்தன் தேசப்பன் துண்டைக் கட்டிக்கொண்டு மணவறைக்குப் போனான். பின்னால் போன அவன் மனைவி வள்ளியம்மாள், மணியம்மையின் காதருகே குனிந்தாள்.

"தப்பா நெனச்சுக்காதக்கா. நிச்சயம் முடிஞ்ச மறுநாளே உன் பொண்ணு அவ நைனாவ கூட்டிகினு நீங்கதான் தாரை வாக்கணும்னு எங்க வூட்டுக்கு வந்துட்டா. உனக்குத் தெரிய வாணாம்னா."