கூடுதலாக வந்த கரி

கரி குறைந்திருந்தால் பார்கவி ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாள். கூடியிருந்தது.

நூறு கிலோ காய்ந்த குச்சியைக் காற்றுப் புகாத சூளையில் வேகவைத்தால் இருபத்தைந்து கிலோ கரி வரும். அதற்கு மேல் ஒரு பிடி கேட்டாலும் மரம் கொடுக்காது. ஏரவாடாவைத் தாண்டி இருந்த அந்தச் சூளையில் மட்டும், தினம் போட்ட நூறு கிலோவுக்குப் போன வாரம் ஆறு நாளும் இருபத்தேழு கிலோ.

"எங்கேயோ மலிவாக் கரித்தூள் வாங்கிக் கலக்கறாங்கம்மா," என்றார் அவளுடைய மேலதிகாரி ஹரிபிரசாத், போனில். "இதெல்லாம் நான் பார்த்ததுதான். யாருன்னு கண்டுபிடிச்சு, கையெழுத்தை நிறுத்திடு."

கையெழுத்து பார்கவியுடையது. குடியிருப்புகளில் வெட்டிப் போடும் கிளைகளைக் கரியாக்கி மண்ணில் புதைத்தால், அந்த மரங்கள் குடித்து வைத்த கரியமில வாயு மறுபடி காற்றுக்குப் போகாது. அப்படிப் புதைந்ததை எங்கோ ஒரு விமானக் கம்பெனி டன் கணக்கில் விலைக்கு வாங்கி, தன் புகைக்கு ஈடு என்று காட்டிக்கொள்ளும். புதைந்தது உண்மைதான் என்று சொல்வது பார்கவியின் வேலை. அவள் கையெழுத்து நின்றால் விற்பனை நிற்கும். விற்பனை நின்றால் சூளை அணையும். அங்கே வேலை செய்யும் எட்டுப் பெண்கள் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

சூளையை நடத்தும் தேஜஸ் சனிக்கிழமை அவளைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, இஞ்சி தட்டிய சாய் வரவழைத்தான். அதுவும் உறுத்தியது.

திங்கட்கிழமை காலை, யாருக்கும் சொல்லாமல் ஏழு மணிக்கே போய் வேலி ஓரம் நின்றாள்.

முதலில் வந்தது பவுன். எட்டுப் பேரில் தமிழ் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். பார்கவி வருகிற நாளெல்லாம் தன் டப்பாவிலிருந்து ஒரு வாய் புளிச்சோறு எடுத்து வைப்பவள். அன்று, இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொட்டகையைத் திறந்தாள். சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, ஆறிக் கிடந்த கரிக் குவியலில் கவிழ்த்தாள். கையால் கிளறிச் சமமாக்கினாள்.

பொட்டலத்தில் இருந்ததும் கரி.

பார்கவிக்கு அந்தப் புளிச்சோறு நினைவு வந்தது. வேலியைத் தாண்டிக் கொட்டகைக்குள் போனாள்.

"தேஜஸ் சொல்லித்தான் செய்யறீங்களா, பவுனக்கா?"

பவுன் திடுக்கிடவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "சேட்டுக்கு இது தெரியாதுங்க மேடம்."

"அப்ப யார் காசு கொடுக்கறாங்க?"

"காசா?" பவுன் சிரித்துவிட்டாள். "கரி எங்க வூட்டுக்காரரோடதுங்க."

அவள் புருஷன் சுப்பையாவுக்கு ஏரவாடாவில் ஒரு குடியிருப்பின் வாசலில் இஸ்திரி வண்டி. நாற்பது வருஷம் கரிப்பெட்டி. இந்த மாதம்தான் கேஸில் சூடாகும் பெட்டி வாங்கியிருந்தார். இரண்டு மூட்டைக் கரி மிச்சம். அடுத்த தெரு வண்டிக்காரன் விலைக்குக் கேட்டும் வந்தானாம்.

"எரிச்சா காத்துக்குப் போயிரும், பொதச்சா மண்ணுலயே கெடக்கும்னு பயிற்சி அன்னிக்கி நீங்கதான சொன்னீங்க? அத அவருகிட்டப் போயிச் சொன்னேன். மறுநாளு, 'நாப்பது வருசம் நான் மேல அனுப்புனது அனுப்பினதுதான். இதையாச்சும் பொதச்சிரு'ன்னாரு."

"அதை வீட்டுக்கிட்டயே புதைக்கலாமே?"

"எங்க சந்துல மண்ணு ஏதுங்க? அத்தனையும் சிமென்ட்டு. இங்கேருந்துதான் பொதைக்க எடுத்துக்கிட்டுப் போறாங்க. அதோட இதுவும் போவட்டும்னு கொண்டாந்தேன்."

"தேஜஸ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா கிலோ என்ன வெலைம்பாரு. அப்புறம் அதுவும் யாவாரமாயிரும்."

தினம் இரண்டு கிலோவாம். அதற்கு மேல் தூக்கினால் முட்டி வலிக்கிறதாம். ஞாயிறு நீங்கலாக இன்றோடு ஏழு நாள். சொல்லி முடித்த பிறகுதான் பவுனின் முகத்தில் லேசாகப் பயம் வந்தது.

"தப்புங்களா, மேடம்?"

விதிப்படி தப்புதான். வெளிக் கரியை விற்பதற்காகக் கலந்திருந்தால் அந்தச் சூளையையே பட்டியலிலிருந்து தள்ள வேண்டும். வேறு காரணம் என்றால் கலந்ததை மட்டும் கழிக்கலாம். பார்கவிக்கு எல்லாம் மனப்பாடம். ஆனால் அறுபது பக்க விதிப் புத்தகத்தில், சும்மா புதைக்கிறவரைப் பற்றி ஒரு வரி கிடையாது.

"தப்பில்லைக்கா. இதுல மட்டும் கலக்காதீங்க. மிச்சத்தை நானே வந்து எடுத்துக்கறேன். நான் இருக்கற சிஞ்ச்வட்டுல எங்க குடியிருப்புத் தோட்டத்துல வேண்டிய மண்ணு இருக்கு. புதைச்சிடறேன்."

பவுன் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நெசமாப் பொதைப்பீங்களா? இல்ல, யாருக்காச்சும் அடுப்புக்குக் குடுத்துருவீங்களா?"

"புதைப்பேன்க்கா."

"பொதச்சிட்டு போட்டோ அனுப்புங்க. எங்ககிட்ட நீங்க கேப்பீங்கல்ல, அதுமாதிரி. அவருகிட்டக் காட்டணும்."

பார்கவி எதிர்பாராமல் சிரித்தாள். வெயில் அதற்குள் கொட்டகைத் தகரத்தில் ஏறியிருந்தது. மற்ற பெண்கள் ஷேர் ஆட்டோவிலிருந்து ஒவ்வொருத்தியாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். பவுன் தராசை எடுத்து வைக்கப் போனாள்.

ஹரிபிரசாத் போன் செய்தார். "ஆள் கிடைச்சாச்சா?"

"கிடைச்சாச்சு சார். எழுதி அனுப்பறேன்."

கரி மூட்டை மேலேயே உட்கார்ந்து படிவத்தைத் திறந்தாள். கழிக்க வேண்டிய எடை: பதினான்கு கிலோ. கொடுத்தவர்: சுப்பையா, இஸ்திரி வண்டி, ஏரவாடா. காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் சற்று நிறுத்தி, எழுதினாள்:

"விற்பனைக்கு அல்ல."