மூன்று பூச்சு நீலம்

குகைப்பாதையின் வாசலில் சுவிட்சைப் போட்டேன். முன்விளக்கு எரியவில்லை.

வெளியே நல்ல மத்தியான வெயில். உள்ளே அரை கிலோமீட்டருக்குக் கும்மிருட்டு. அதைத் தாண்டினால் எங்கள் ஊர். அங்கே அண்டாவில் குதிரைக்கறி வெந்துகொண்டிருக்க, பாட்டுக்காரர் தன் இரண்டு தந்தித் தொம்பராவுக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருப்பார். எல்லோரும் மருமகளுக்காகக் காத்திருந்தார்கள்.

மண் சரிந்ததிலிருந்து அது கார் வராத பாதை. அதனால் பெண்ணை அழைத்துவர என் பழைய மோட்டார் சைக்கிள்தான். பக்கப்பெட்டியில் மருமகள் குல்சிம், முகத்தில் திரையோடு. பின் சீட்டில் என் மகன் தாஸ்தான்.

கல்யாணத்துக்காக நானே வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, மூன்று பூச்சு நீலம் அடித்திருந்தேன். பின்னால் பார்க்கும் கண்ணாடிகளைக்கூடப் பளபளவென்று துடைத்திருந்தேன். விளக்கைப் போட்டுப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

பல்பை மாற்றினேன். ஃபியூஸைத் தேய்த்தேன். பேட்டரியை ஒரு தட்டுத் தட்டினேன். விளக்கு அழுதுகொண்டே கொஞ்சம் சிவந்தது. பிரேக்கை மிதித்ததும் அதுவும் அணைந்தது.

"பிரேக்கை மிதிச்சா அணையுதா, அத்தா?" திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஆமாம்மா."

"அப்ப பல்பு மேல தப்பில்ல. எர்த் பிடிக்கல. சீட்டுக்குக் கீழ எர்த் வயர் போல்டு இருக்கும் பாருங்க, அதுக்கு அடியில பெயிண்ட் போயிருக்கும்."

டிராக்டர் நிலையத்தில் வயரிங் பார்க்கிறவள் என்று மகன் சொன்னபோது, கல்யாண ஆசையில் அளக்கிறான் என்றுதான் நினைத்திருந்தேன்.

யார் அடித்த பெயிண்ட் என்று அவள் கேட்கவில்லை. என் மகன்தான், "மூணு பூச்சு போதுமா, நாலாவதும் அடிச்சிரலாமா?" என்றான்.

திரையோடு அந்த போல்டைப் பார்க்க முடியாது. திரையைத் தூக்கினால் நான் பார்த்துவிடுவேன். சாயங்காலம் பாட்டுக்காரர் பாடித் திரையை விலக்கும்வரை மாமனார் மருமகள் முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்க்கிறவர்கள் அதற்கென்று ஒரு பரிசும் வைக்க வேண்டும்.

"நான் திரும்ப மாட்டேம்மா" என்று ஸ்பேனரையும் கத்தியையும் பின்பக்கமாக நீட்டினேன். ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நேராக உட்கார்ந்துகொண்டேன். கழுத்து வலித்தது. திரும்பவில்லை.

பின்னால் சுரண்டும் சத்தம் கேட்டது.

இறங்கி விளக்குக்கு முன்னால் நின்ற தாஸ்தான் சட்டென்று கண்ணைச் சுருக்கினான். "எரியுது."

பிரேக்கை மிதித்தேன். அப்படியே எரிந்தது. சந்தோஷம் தாங்கவில்லை, குகை முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே போனேன்.

சாயங்காலம் திரை விலகியது. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள், நானும் அவர்களோடு சேர்ந்து பிளந்தேன். கம்மல் வைத்தார்கள், சால்வை வைத்தார்கள், ஒருவர் ஆட்டுக்குட்டியே கொண்டுவந்தார். நான் மோட்டார் சைக்கிள் சாவியை வைத்தேன்.

"ஒரு தடவை முகம் பார்க்க ஒரு வண்டியா?" என் மனைவி காதைக் கடித்தாள்.

குல்சிம் குனிந்து என்னை வணங்கினாள். நிமிரும்போது எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"கண்ணாடியில பார்த்ததுக்கும் சேர்த்துன்னா சரியாப் போச்சு, அத்தா."