மரக்கப்பி

திருவனந்தபுரம் ஆய்வகக் கூடத்தில், மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த, பாய்க்கயிறு ஓடிய மரக்கப்பி பீடத்தின்மேல் வார்னிஷ் பூசப்பட்டு ஜன்னல் வெயிலில் பளபளக்கிறது. உள்ளே ஊறிய கடலுப்பு முழுக்க வெளியேறுமுன் காய்ந்தால் பிளந்துவிடும் என்று ஆய்வாளர் விஜயம் இரண்டு வருடமாகத் தினமும் தண்ணீர் மாற்றித் தொட்டியிலேயே காத்த மரம். மூன்று நாள் லீவுக்கு கூட வேலை பார்க்கும் ஸ்ரீநிவாஸை நம்பித்தான் சாவியைக் கொடுத்துப் போனாள். இன்று திரும்பி வந்தவள் பீடத்துக்குப் பின்னால் நின்று, "வெயில்ல காய வெச்சியா?" என்கிறாள். அவன் பீடத்தின் முன் கட்டிய திறப்பு விழா ரிப்பனின் சுருக்கத்தை நீவுகிறான். "மந்திரி வரார். தொட்டித் தண்ணிக்குள்ள எதைக் காட்டறது? நோக்குத் தெரிஞ்சா நீ விடமாட்டேன்னுதான் சொல்லலை. ஒண்ணும் ஆகாது, கேட்டோ." போட்டோகிராபர் ஃபிலிம் ரோல் மாற்றுகிறார். வாசலில் செண்டை மேளம் தொடங்குமுன், சுள்ளி ஒடிவதுபோல் மரத்திலிருந்து ஒரு சத்தம். ஸ்ரீநிவாஸ் குனிந்து பார்க்கிறான். நிதானமாக, இரு கையாலும் அதைத் திருப்பி வைக்கிறான். விரிசல் இப்போது விஜயத்தின் பக்கம் இருக்கிறது.